பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூளையும் சேர்ந்து கெடும்

"அப்பாவுக்கு மறதி அதிகமாயிடுச்சு, வயசாயிடுச்சில்ல" என்கிறார்கள் பிள்ளைகள். பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. மாத்திரை? "நார்மலாயிடுச்சுன்னு அவரே நிறுத்திட்டார்." அறுபது தாண்டிய ஆண்களிடம் ஓயாமல் பார்க்கும் கதை இது. மாத்திரை போட்டதால்தான் அளவு இறங்கியது. நிறுத்தினால் மறுபடி ஏறும்.

உயர் ரத்த அழுத்தம் தலைவலிகூடக் காட்டாமல் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தடிக்கவைத்து அடைக்கும். பெரும்பாலும் முதலில் தடுமாறுவது கணக்கும் திட்டமிடலும். பென்ஷன் பணத்தைப் பலமுறை எண்ணியும் கணக்கு இடிக்கிறதென்றால், வயசு என்று ஒதுக்காதீர்கள். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வில், நடுவயதில் பிரஷர் அதிகமிருந்தவர்களுக்கு முதுமையில் அறிவுத்திறன் குறையும் வாய்ப்பும் கூடியது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

அளப்பதில்தான் அலட்சியம் அதிகம். வரிசையில் நின்றவரை உட்காரவைத்த மறுநொடியே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எண்ணை எழுதிவிடுகிறார்கள். விடாதீர்கள். அரை மணிநேரம் முன்பிருந்தே காபி, பீடி, சிகரெட் வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய உயரத்தில் இருக்கட்டும். இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். எழுந்தால் தலைசுற்றுகிறதா? நின்றநிலையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் பதிவு செய்யுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் கொண்டுபோங்கள். மூட்டுவலி மாத்திரைகளில் சில பிரஷரை ஏற்றும். மாத்திரை இலவசம். நடக்க முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே தரும்படி கேளுங்கள். "ஸ்டாக் இல்லை" என்று அலைக்கழித்தால் 104இல் புகார் சொல்லுங்கள். மறதி இருந்தால் நினைவாற்றல் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள்.

வாய் கோணினால், ஒரு பக்கக் கை, கால் துவண்டால், பேச்சு குழறினால் உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணிநேரத்துக்குள் போட்டாகவேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: தலைசுற்றினாலும் கால் வீங்கினாலும் மருத்துவரிடம் போய் மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.