வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு காவலாளி

இரவு ஒன்பது மணி. மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய அறிவியல் கட்டுரைக்காகக் கணிப்பொறியில் படம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் திரை முழுவதும் சிவப்பாகிறது. ‘அபாயம்! உங்கள் கணிப்பொறியில் 37 வைரஸ்கள் இருக்கின்றன. உடனே நீக்க இங்கே அழுத்தவும்’ என்ற எழுத்துக்கள் மின்னுகின்றன. அபாயச் சங்குபோல ஓர் ஒலியும் கேட்கிறது. அக்காவின் திருமணப் புகைப்படங்கள், அண்ணனின் கல்லூரிக் குறிப்புகள், அப்பாவின் வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தானே இருக்கின்றன! கை தானாகவே மவுஸை நகர்த்துகிறது.

சற்றுப் பொறுங்கள்! அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வி. தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “உள்ளே பீரோவில் 37 கரப்பான் பூச்சிகள் இருக்கின்றன, நூறு ரூபாய் கொடுங்கள், விரட்டுகிறேன்” என்றால் நம்புவீர்களா? வீட்டுக்குள் வராமலேயே அவருக்கு அது எப்படித் தெரியும்? இணையப் பக்கமும் அப்படித்தான். உங்கள் கோப்புகளைத் தன் விருப்பம்போல் திறந்து சோதிக்க அதற்கு வழியில்லை. ஆகவே அந்த எச்சரிக்கை வெறும் படம். அந்தப் பொத்தான்தான் உண்மையான அபாயம்.

இது கற்பனை அல்ல. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்தகைய மோசடி ஒன்றை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. ‘வின்ஃபிக்ஸர்’, ‘எக்ஸ்பி ஆன்டிவைரஸ்’ போன்ற பெயர்களில் போலிப் பாதுகாப்பு மென்பொருள்கள் விற்கப்பட்டன. இல்லாத வைரஸ்களைக் காட்டிப் பயமுறுத்திப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றினார்கள் என்று ஆணையம் கூறியது.

ஆகவே, மாணவ நண்பர்களே, கணிப்பொறிக்குக் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பயந்துகொண்டே காவலாளியைத் தேர்ந்தெடுத்தால், திருடனையே காவலுக்கு வைக்க நேரிடும். காவலாளி எப்படி வேலை செய்கிறான் என்று தெரிந்தால் பயம் போய்விடும், தேர்வும் எளிதாகிவிடும்.

எதிரிகள் யார்?

கணிப்பொறி தானாக எதையும் செய்வதில்லை. நிரல் எனப்படும் கட்டளைத் தொகுதி சொல்வதைத்தான் செய்கிறது. தீய நோக்கத்துடன் எழுதப்பட்ட நிரல்களே நம் எதிரிகள்.

வேறொரு நிரலுடன் ஒட்டிக்கொண்டு தன்னைப் போன்ற பிரதிகளை உண்டாக்குவது ‘வைரஸ்’. யாருடைய உதவியும் இன்றி ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து செல்வது ‘புழு’. விளையாட்டு போலவோ பயனுள்ள கருவி போலவோ வேடமிட்டு வருவது ‘டிரோஜன்’. ஓசையின்றி உட்கார்ந்து, நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் பார்க்கும் பக்கங்களையும் யாருக்கோ அனுப்புவது ‘ஸ்பைவேர்’ என்னும் உளவு நிரல். கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால்தான் சாவி என்று மிரட்டுவது ‘ரான்சம்வேர்’.

ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-ல் தோன்றிய ‘பிரெயின்’ ஆகும். பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் சகோதரர்கள் இதை எழுதினார்கள். தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களை எச்சரிப்பதே தங்கள் நோக்கம் என்றார்கள். வைரஸுக்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதியும் வைத்திருந்தார்கள்! அது ஃபிளாப்பி வட்டுகள் மூலம் கைமாறிப் பல நாடுகளுக்குப் பரவியது. இன்று ஃபிளாப்பி இல்லை. ஆனால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பென் டிரைவ் அதே வேலையைச் செய்துவிடக்கூடும்.

காவலாளியின் மூன்று கண்கள்

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுக்கு மூன்று கண்கள் உண்டு எனலாம்.

முதற்கண் ‘அடையாளப் பட்டியல்’. காவல் நிலையச் சுவரில் பழைய குற்றவாளிகளின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும் அல்லவா? அதுபோல, ஏற்கெனவே பிடிபட்ட தீய நிரல்களின் அடையாளங்களை மென்பொருள் சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது அதை இந்தப் பட்டியலுடன் ஒப்பிடுகிறது. இது விரைவானது, பெரும்பாலும் தவறாது. ஆனால் நேற்றுப் பிறந்த வைரஸின் படம் பட்டியலில் இராது. பட்டியலை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இரண்டாவது கண் ‘சாயல்’. முகம் புதியதாயினும் இடுப்பில் கன்னக்கோல் இருந்தால் சந்தேகம் வரும். அதுபோல, தீய நிரல்களில் வழக்கமாகக் காணப்படும் கட்டளை அமைப்புகள் ஒரு புதிய கோப்பில் இருக்கின்றனவா என்று இக்கண் தேடுகிறது.

மூன்றாவது கண் ‘நடத்தை’. நிரல் ஓடத் தொடங்கிய பின் என்ன செய்கிறது என்பதை இது கவனிக்கிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒரு நிரல் மாற்றி எழுதினால், அது ரான்சம்வேராக இருக்கலாம் என்று ஊகித்து உடனே நிறுத்துகிறது.

குறையே இல்லாத காவலாளி உண்டா?

‘100 சதவீதப் பாதுகாப்பு’ என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இது முடியவே முடியாத காரியம் என்பதைக் கணிதம் காட்டிவிட்டது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோஹன் என்னும் ஆராய்ச்சி மாணவர் 1983-ல் வைரஸ்களைப் பற்றிச் சோதனைகள் செய்தார். 1984-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வேடிக்கையான வாதம் இருக்கிறது. அதை நாமும் செய்து பார்ப்போம்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் ‘வைரஸ்’ அல்லது ‘வைரஸ் அல்ல’ என்று ஒருபோதும் தவறாமல் சொல்லும் ‘க’ என்ற காவலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது ‘ப’ என்று ஒரு நிரலை எழுதுகிறோம். ‘ப’ முதலில் தன்னைப் பற்றியே ‘க’-விடம் கேட்கும். ‘க’ அதை ‘வைரஸ்’ என்று சொன்னால், ‘ப’ ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். ‘வைரஸ் அல்ல’ என்று சொன்னால், உடனே பரவத் தொடங்கிவிடும். ‘க’ எதைச் சொன்னாலும் அது தவறாகவே முடிகிறது! ஆகவே அப்படிப்பட்ட ‘க’ இருக்கவே முடியாது.

இதிலிருந்து காவலாளியே வேண்டாம் என்று பொருளல்ல. பூட்டு உடைக்கப்படலாம் என்பதற்காக வீட்டைப் பூட்டாமல் போகிறோமா? நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்பவரைத் தேடாமல், தவறு குறைவாகச் செய்பவரைத் தேட வேண்டும் என்பதே இதன் பொருள்.

தவறும் இருவகைப்படும். திருடனை விட்டுவிடுவது ஒன்று. நல்லவனைத் திருடன் என்று பிடிப்பது மற்றொன்று. இரண்டாவதும் சாதாரணமானதன்று. ஒரு கணிப்பொறியில் 2,00,000 நல்ல கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று மட்டுமே தவறு என்றாலும் 200 முறை பொய்க் கூச்சல் எழும். ‘புலி வருது’ கதைபோல, உண்மையான புலி வரும் நாளில் அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். 2010 ஏப்ரல் 21 அன்று மக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஓர் அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கே இன்றியமையாத ஒரு கோப்பை வைரஸ் என்று முடிவு செய்தது. விளைவு? பல நாடுகளில் கணிப்பொறிகள் நின்று நின்று மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தன.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. வீட்டில் ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று பாருங்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாப்டின் ‘டிஃபெண்டர்’ விண்டோஸுடனேயே வருகிறது. இன்று அது சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெறுகிறது. அது விழித்திருந்து, நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டும் வந்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும்.

2. வேறு மென்பொருள் வாங்குவதானால், விற்பவரின் சொல்லை மட்டும் கேட்காதீர்கள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ‘ஏவி-டெஸ்ட்’, ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரிலுள்ள ‘ஏவி-கம்பேரடிவ்ஸ்’ ஆகியவை பல நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, கணிப்பொறியின் வேகத்தைக் குறைக்காமைக்கு 6, பொய்க் கூச்சல் இல்லாமைக்கு 6 என மொத்தம் 18 மதிப்பெண் அளிக்கிறது. ஒரே தேர்வைக் கொண்டு ஒரு மாணவனை எடைபோட மாட்டோம் அல்லவா? ஓராண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

3. தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். திடீரெனத் தோன்றும் விளம்பரத்திலிருந்தோ, ‘கிராக்’ செய்த திருட்டுப் பிரதியாகவோ ஒருபோதும் பெறாதீர்கள்.

4. ஒரே சமயத்தில் இரண்டு காவலாளிகளை விழித்திருக்கச் செய்யாதீர்கள். ஒரே கோப்பை இருவரும் பிடித்து இழுப்பார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகிக்கவும் கூடும். கணிப்பொறி ஆமைபோல நகரும்.

5. உங்கள் கணிப்பொறி பழையதா? அப்படியானால் வேகத்துக்கான மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். கணிப்பொறியை மிகவும் மெதுவாக்கும் காவலாளியை வீட்டில் யாராவது ஒருநாள் அணைத்துவிடுவார்கள்.

6. விலையைப் படியுங்கள். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு தானாகவே அதிகத் தொகை எடுத்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு.

வேலியே பயிரை மேய்ந்தால்?

இலவசமாகக் கிடைத்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? காவல் மென்பொருள் உங்கள் கணிப்பொறியில் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கிறது. அந்தச் சாவி தவறாகப் பயன்பட்டால்? 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்ட் நிறுவனத்தின்மீது இப்படியொரு குற்றச்சாட்டைக் கூறியது. தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனம் வழியாக அது விற்றது என்பதே குற்றச்சாட்டு. 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், இனி அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக்கூடாது என்றும் முடிவாயிற்று. ஜம்ப்ஷாட் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே நிறுவும்போது வரும் ‘சம்மதம்’ என்ற கட்டங்களைப் படிக்காமல் அழுத்தாதீர்கள்.

செய்து பாருங்கள்

காவலாளி விழித்திருக்கிறானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ‘ஐகார்’ என்னும் ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துக்கள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை வைத்திருக்கிறது. அது வைரஸ் அல்ல. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டதும் எச்சரிக்கை எழுப்ப வேண்டும் என்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அந்த அமைப்பின் தளத்திலிருந்து அதைப் பதிவிறக்கிப் பாருங்கள். எச்சரிக்கை எழுந்தால் காவலாளி தூங்கவில்லை என்று அறியலாம். திறமைசாலியா என்பதை இச்சோதனை சொல்லாது.

காவலாளியால் முடியாதவை

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் ரான்சம்வேர் புழு சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் வேலைகூடத் தடைப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது சுமார் இரண்டு மாதம் முன்னரே, வெளியிட்டிருந்தது! ஆகவே விண்டோஸ் ‘அப்டேட்’ கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து, கணிப்பொறியுடன் இணைக்காத வட்டில் தனியே வையுங்கள். ரான்சம்வேர் பூட்டிய பெட்டிக்கு உங்களிடம் இன்னொரு பெட்டி இருந்தால், மிரட்டலுக்கு மதிப்பேது? ஏமாந்து பணம் போய்விட்டாலோ மறைக்காதீர்கள். உடனே பெற்றோரிடம் கூறி, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள்.

இப்போது மீண்டும் அந்த இரவு ஒன்பது மணிக்கு வருவோம். திரை சிவப்பாக இருக்கிறது, சங்கு ஒலிக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தவில்லை. அந்தப் பக்கத்தை மூடுகிறீர்கள். மூட மறுத்தால் கணிப்பொறியையே அணைத்து மறுபடி இயக்குகிறீர்கள். பிறகு உங்கள் சொந்தக் காவலாளியை எழுப்பி, முழுச் சோதனை செய்யச் சொல்கிறீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது, கட்டுரையின் அடுத்த பத்தியை எழுதத் தொடங்கலாம் அல்லவா?