விடைக்குறிப்பை யார் பார்ப்பது?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றொரு கதை தலைமுறைகளாக உலவுகிறது. மாலையில் போய் நின்றால் நிழல் நீண்டு கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனாலும் இணையத்தில் அந்தக் கதைக்குக் குறைவில்லை. அந்த இணையத்தைப் படித்து வளர்ந்ததுதான் செயற்கை நுண்ணறிவு. ஏழாம் வகுப்புக்குச் சோழர் பாடக்குறிப்பு கேட்டால், கோயில் 1010-இல் கட்டி முடிந்த செய்தியோடு விழாத நிழலும் சேர்ந்தே வந்துவிடலாம். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும். வம்பே அங்குதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பயிற்சித்தாள், ஒரு மதிப்பெண் வினா, திருப்புதல் தேர்வு வினாத்தாள் எல்லாம் நிமிடத்தில் தயார். விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போகும் ஆசிரியருக்கு அது பெரிய கை உதவி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கேட்கிற விதம்தான் முக்கியம். பாடப்பகுதியை அப்படியே கொடுத்து, இதற்குள்ளிருந்து மட்டும் வினா எடு என்று சொன்னால் கட்டுக்கதை பெரும்பாலும் நுழையாது. பிறகு விடைக்குறிப்பை ஆசிரியரே போட்டுப் பார்க்க வேண்டும். தமிழாசிரியர்கள் இன்னும் உஷாராக இருக்கலாம். இயந்திரம் சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, துண்டுதுண்டாக எடுத்துக்கொள்கிறது. அதனால் அலகிடச் சொன்னால் தடுமாறும். ‘கணினி’ நிரை நேர், புளிமா. தன் பெயரையே அது தப்பாகப் பிரித்தாலும் வியப்பதற்கில்லை!

கணக்கில் வேறொரு சங்கதி. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கொடுக்கும் நான்கு விடைகளில் 2/5 இருந்தால்தான் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பிடிபடும். நாம் சொல்லாவிட்டால் இயந்திரம் 7/8, 9/10 என்று ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிடக்கூடும். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் தப்பு உங்களுக்குத்தானே தெரியும்?

மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதனிடம் கொட்டவே கூடாது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தனிவிவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

அடுத்த திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாளை ஜெராக்ஸுக்கு அனுப்பும் முன், விடைகளை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள் டீச்சர்.