செல்போன் சொல்லும் கணக்கு: எடை குறைய எப்படி உதவும்?

"தினமும் காலையில நடக்கிறேன், ஆனா எடை மட்டும் குறையவே மாட்டேங்குது" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்குச் சுமார் 40 பேருக்கும், ஆண்களில் 100க்கு 37 பேருக்கும் எடை அதிகம். எடை கூடினால் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி என ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். கையில் இருக்கும் செல்போன் இதற்கு உதவுமா? உதவும். ஆனா அதை எப்படிப் பயன்படுத்துறோம் என்பது முக்கியம்.

செல்போன் என்ன செய்கிறது?

உடல் அசையும்போது அதை உணரும் ஒரு சிறு கருவி செல்போனுக்குள் இருக்கிறது. அதை வைத்து நீங்க எத்தனை அடி நடந்தீங்க என்று செயலி கணக்கிட்டுக் காட்டும். "இன்னைக்கு நிறைய நடந்தேன்" என்று நாம் நினைத்தது சரியா என்பது அதில் தெரிந்துவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: போன் உங்க உடம்போடு இருந்தால்தான் கணக்கு வரும். அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுவேலை செய்யும் பெண்களின் நடை அதில் பதிவாகாது.

ஆய்வுகள் சொல்வது

சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரிடம் ஆய்வு நடத்தி 2013ல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் போனுக்குத் தொடர்ந்து சென்றன. 2 ஆண்டு முடிவில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது. ஆனால் எடையில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. செய்தி பெற்றவர்களின் சாப்பாட்டில்தான் நல்ல மாற்றம் தெரிந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த இன்னொரு ஆய்வு 2016ல் வெளிவந்தது. அசைவைக் கணக்கிடும் கருவியைக் கையில் அணிந்தவர்கள் 2 ஆண்டில் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல், வழக்கமான ஆலோசனையோடு தாங்களே குறித்துவந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்!

அப்போ கருவியே வேண்டாமா? அப்படி இல்லை. எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டால் பலன் குறைவு, அவ்வளவுதான். அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். வரும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டா அது சரியாப் போயிடும். அதனால் நடை, எடை, சாப்பாடு மூன்றையும் சேர்த்தே பார்க்கணும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதல் வாரம் எதையும் மாற்றாமல், தினமும் எத்தனை அடி நடக்கிறீங்க என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதைவிட 500 அல்லது 1,000 அடி கூட்டுங்கள். பத்தாயிரம் அடி என்பது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண். எடுத்த எடுப்பிலேயே அதை எட்டணும் என்று இல்லை.

2. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

3. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள். ஒரு நாள் ஏறினா பதற வேண்டாம். ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள்.

4. இடுப்புச் சுற்றளவையும் குறியுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

5. குறித்ததை வீட்டில் ஒருவரிடமோ, சுகாதாரப் பணியாளரிடமோ காட்டுங்கள். "இந்த வாரம் ஏன் குறைஞ்சிருக்கு?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் பழக்கம் நிற்கும்.

80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே உடம்புக்கு நல்ல பலன் உண்டு.

அரசு சேவைகள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை வீட்டுக்கே வருகிறது. அப்போது உங்க செல்போன் கணக்கையும் காட்டி ஆலோசனை கேளுங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எல்லா மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டியவை

இதய நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பயிற்சியைக் கூட்டணும். நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். அடி எண்ணும் செயலிக்கு உங்க போனில் உள்ள தொடர்பு எண்களோ, வங்கி விவரமோ தேவையில்லை. கேட்டால் கொடுக்காதீங்க.