விசா வாசல் வரைதான்: ஜெர்மனியில் குடியேற என்னென்ன வேண்டும்?

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கரைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் நாட்டுக்குள் நுழைவதற்குத்தான். பெரும்பாலும் சில மாதங்களிலேயே காலாவதியாகிவிடும். தொடர்ந்து அங்கே வாழும் உரிமையைத் தருவது, போய் இறங்கியபின் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதி. இந்த இடைப்பட்ட மாதங்களில் எந்தத் தாளை எதற்கு முன்னால் வாங்குவது என்று தெரியாமல்தான் பலர் திண்டாடுகிறார்கள்.

எந்த விசா?

சுற்றுலாவுக்கும் உறவினர் வீட்டுக்கும் போக உதவும் ஷெங்கன் விசாவில், 180 நாள்களுக்குள் 90 நாள்கள்தான் தங்கலாம். அதில் போய் வேலை தேடிக்கொண்டு, அங்கிருந்தபடியே நீண்டகால அனுமதிக்கு மாறிவிடலாம் என்ற கணக்கு பொதுவாகப் பலிக்காது. 90 நாள்களுக்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால், ஊரிலிருந்தே ‘டி’ வகைத் தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 75 யூரோ.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய சில நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமலே போய் இறங்கி, அங்கேயே குடியிருப்பு அனுமதி கேட்கலாம். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் சொல்லும் வழி நமக்கு உதவாது.

யாருக்கு என்ன நிபந்தனை?

மாணவர்கள், ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ‘பிளாக்ட் அக்கவுண்ட்’. அதில் 11,904 யூரோ போட்டுவைத்தால், மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் படித்தவர்களுக்கு, சான்றிதழ்களைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை பார்க்கலாம்.

பட்டதாரிகள் அதிகம் நாடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ப்ளூ கார்டு’. இதற்கு வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்சச் சம்பளமும் தேவை. 2025-க்கான வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் தாண்டாதவர்களுக்கும் 43,759.80 யூரோ. ஆண்டுதோறும் இந்த வரம்பு மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படித்த கல்லூரியும் பட்டமும் அங்கே ஏற்கப்படுமா என்பதை ‘அனாபின்’ தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஐ.டி. துறையினருக்கு, பட்டம் இல்லாவிட்டாலும் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தால் வழி உண்டு.

வேலை இன்னும் கிடைக்காதவர்களுக்கு 2024 ஜூனில் வந்தது ‘சான்சன்கார்ட்டே’ என்னும் வாய்ப்பு அட்டை. வயது, மொழி, அனுபவம் போன்றவற்றுக்கான மதிப்பெண்களில் குறைந்தது ஆறு பெற்றால், ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். அதுவரை வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம்.

முகவரிதான் முதல் முடிச்சு

வீடு குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பதிவில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இன்னார் இந்தத் தேதியில் இந்த முகவரிக்குக் குடிவந்தார் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவமும் வேண்டும். ஓட்டல்களிலும் குறுகியகால வாடகை அறைகளிலும் இதைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். எனவே அறை பேசும்போதே, பதிவுக்குக் கையெழுத்துக் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு, குடியிருக்காத முகவரிக்குப் படிவம் தருபவர்களும் இருக்கிறார்கள். இப்படிப் பொய்யாக முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

பதிவு முடிந்ததும் வாசல் தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே கதவு எண்ணைவிடப் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். சம்பளம் போடும் அலுவலகம் கேட்கும் 11 இலக்க வரி எண் தபாலில்தான் வருகிறது. பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். எண் கிடைக்காதவரின் சம்பளத்தில் கூடுதலாக வரி பிடிக்க நேரிடும்.

அட்டை வரும் வரை

விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வேலை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று கேட்பார்கள். கைரேகையும் எடுப்பார்கள். முதல் அட்டைக்குக் கட்டணம் 100 யூரோ.

பெரிய நகரங்களில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு. ஆனால் தேசிய விசா செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய உரிமைகள் தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விசா முடிந்தபின் போய் நின்றால் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்க முடியாது. நேரம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பத்தை உரிய காலத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அட்டை கைக்கு வந்ததும், என்ன வேலை செய்யலாம், வேலை மாற யாரிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் படியுங்கள். ப்ளூ கார்டு வைத்திருப்பவர் முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிரந்தரம் எப்போது?

ப்ளூ கார்டில் இருப்பவர்கள் 27 மாதங்களில் நிரந்தர அனுமதி கேட்கலாம். ஜெர்மன் மொழியில் ‘பி1’ நிலை தேறியிருந்தால் 21 மாதங்கள் போதும். ஓய்வூதிய நிதிக்குச் சந்தா கட்டிய மாதங்களே இதில் கணக்கு. எனவே முதல் சம்பளச் சீட்டிலிருந்தே ஒன்றையும் தூக்கி எறியக் கூடாது.

குடியுரிமைக்கு 2024 ஜூன் முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தால் போதும். பழைய குடியுரிமையை விடச் சொல்லி ஜெர்மனி கேட்பதும் இல்லை. இந்தியச் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்குகிறவர் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். ஊரில் விவசாய நிலம் வாங்கும் திட்டமோ வாக்குரிமையோ முக்கியம் என்றால், நிரந்தர அனுமதியோடு நிறுத்திக்கொள்வதையும் யோசிக்கலாம்.