மிதிவண்டி கற்பித்த பாடம்



நமது பங்கின் பழைய காரை விற்றுவிட்டு, மிதிவண்டியில் பயணம் செய்யத் தொடங்கி ஈராண்டுகள் ஆகின்றன. "சாமிக்கு ஏதேனும் நேர்ச்சையோ?" என்று வினவியவர் உண்டு, "பங்கில் அவ்வளவு பணமுடையா?" என்று இரங்கியவரும் உண்டு. இரண்டும் அன்று. நடந்தது யாது என்பதை, நமது தவறு உட்பட, இம்மாதம் எழுத விழைகிறோம்.

நமது பங்கில் கிளைக் கிராமங்கள் ஆறு. மிக அருகிலுள்ளது 2 கிலோமீட்டர். மிகத் தொலைவிலுள்ளது 9 கிலோமீட்டர். ஒருமுறை கார் பழுதுற்றுக் கிடந்தபோது, டீசலுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஓராண்டில் ஆன செலவைக் கணக்குப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தோம். ஐந்தும் பத்துமாக ஞாயிறு காணிக்கைத் தட்டில் விழுந்த பணம் அது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில், குருமாணவரையும் நவதுறவியரையும் சந்தித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், குருக்களும் கன்னியரும் புத்தம் புதிய கார்களில் செல்வதைக் காண்பது தமக்கு வேதனை தருகிறது என்றும், கார் தேவையெனில் எளியதைத் தேர்ந்துகொள்க என்றும் கூறியது நினைவுக்கு வந்தது. நம்முடையது எளிய கார்தான். எனினும், 9 கிலோமீட்டருக்கு அதுவும் வேண்டுமோ என்ற வினா நம்மை விடவில்லை.

மற்றொரு நினைவும் எழுந்தது. நாம் குருமடத்தில் பயின்ற காலம், 1991-ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போகவே, ஆண்களுக்கான வண்டிகளிலேயே அவர்கள் ஏறினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பினோரும் உண்டு. பேருந்துக்கும், அழைத்துச் செல்லும் ஆண்மகனுக்கும் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு நீங்கிற்று. பல்லாயிரம் பெண்கள் ஊரார் கேலியைப் பொருட்படுத்தாது ஏறிய வாகனத்தில் ஏற, நாம் நாணுவது முறையோ?

முதல் மாதம் முழங்கால் வலித்தது. இருக்கை தாழ்ந்திருந்ததே காரணம். கீழே சென்ற மிதிகட்டையின் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளுமாறு இருக்கையை உயர்த்தியபின் வலி நின்றது. மழைநாள்களில் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடவும், டயரில் காற்றுக் குறையாது பார்க்கவும் பழகினோம். வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடல் உழைக்க வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. நமக்கு அது கிராமங்களைச் சந்திப்பதிலேயே நிறைவேறிவிடுகிறது.

காரில் சென்ற காலத்தில் நம்மை வழியில் நிறுத்தியவர் அரிது. இப்போதோ, தேநீர்க் கடையிலும் குழாயடியிலும் நிறுத்துகிறார்கள். பள்ளியை விட்டு நின்ற சிறுவனைப் பற்றியும், மூன்று மாதமாகக் கூலி வராத குடும்பத்தைப் பற்றியும் நாம் அறிந்தது வழியோரத்தில்தான்.

இவ்வாறு மகிழ்ந்திருந்த நமக்கு ஓர் ஐப்பசி இரவு பாடம் கற்பித்தது. தொலைவிலுள்ள கிராமத்தில் ஒரு மூதாட்டி இறக்கும் தறுவாயில் இருப்பதாக நள்ளிரவில் தொலைபேசி வந்தது. நோயாளர் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு மழையில் புறப்பட்டோம். கண்மாய்க் கரையில் சேறு. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். காரில் கால் மணியில் சேரவேண்டிய இடத்தை ஒரு மணி நேரங்கழித்து அடைந்தபோது, அந்த அம்மாள் கண்மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மருமகள் மட்டும் ஈரத்தைத் துடைக்கத் துண்டு தந்து, மெல்லச் சொன்னார்: "கோயில் தெருவுல நம்ம ஆட்டோக்காரத் தம்பி இருக்கே, சாமி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூட்டியாந்திருக்குமே."

அச்சொல் இன்றும் நம்மைத் தைக்கிறது. நாம் ஏன் கேட்கவில்லை? நாணத்தால் அன்று, பெருமையால். காரைத் துறந்த நாம், எவரையும் நம்பாமல் காரியம் முடிக்கும் பழக்கத்தைத் துறக்கவில்லை. அதற்குரிய விலையை நாம் செலுத்தவில்லை. ஒரு மூதாட்டி செலுத்தினார்.

அடுத்த ஞாயிறே இதனைப் பங்குப் பேரவையில் கூறினோம். இன்று பங்கு இல்லத்துக் கதவருகே ஐந்து பெயர்கள் தொங்குகின்றன: இருவர் ஆட்டோ ஓட்டுநர், மூவர் மோட்டார் சைக்கிள் உடையவர். நோயாளர் அழைப்புக்கு, இரவாயினும் பகலாயினும், முறைப்படி அவர்கள் வருவார்கள். வாடகையைப் பங்கே கொடுக்கிறது. அதன்பின் எந்த அழைப்புக்கும் நாம் பிந்தியதில்லை.

மிதிவண்டியில் செல்வது ஒருவர்தான். ஆயினும் அது ஓட ஊரார் துணை வேண்டும். நெதர்லாந்து நாட்டையே காண்க. 1971-ஆம் ஆண்டில் அங்குச் சாலை விபத்துகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர் மாண்டனர். பெற்றோர் திரண்டு தெருவில் இறங்கினர். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அந்நாட்டு அரசு சில வாரங்கள் தடைசெய்தது. பின்னர் நகரங்கள் மிதிவண்டிக்குத் தனிப்பாதை அமைத்தன. இன்று அந்நாட்டில் மக்கள் தொகையினும் மிதிவண்டிகளின் தொகை மிகுதி.

கார் உள்ளவர் யாவரும் அதனை விற்றுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. நோயாளரும் முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டின் தேவை வேறு. கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் 2 கிலோமீட்டரை மட்டும் மிதித்துப் பாருங்கள். காரில் செல்வோரும் ஓர் உதவி செய்யலாம். அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் காணும்போது, ஒலியெழுப்பி விரட்டாமல், வேகத்தைத் தணித்து, இடம் விட்டுச் செல்லுங்கள்.