கதவுக் கீல் தளர்வு

கதவுக் கீல் தளர்வு என்பது, கதவையும் அது பொருந்தியுள்ள சட்டத்தையும் இணைக்கும் கீல் தன் பிடிப்பை இழந்து, கதவு ஆடவோ தொங்கவோ தொடங்கும் நிலையைக் குறிக்கும். வீட்டு அலமாரிகளிலும் இது ஏற்படுவதுண்டு. எனினும் ஓடும் ஊர்தியினுள் பொருத்தப்பட்ட அலமாரிகளில் இது விரைவாகவும் அடிக்கடியும் ஏற்படுகின்றது. படுக்கை, சமையல் மேடை, அலமாரி முதலியவற்றைக் கொண்ட வாழிட ஊர்தி (பேச்சு வழக்கில் கேரவன்), சமையற் கலங்களுடன் செல்லும் யாத்திரைப் பேருந்து, நடமாடும் உணவகம், மருத்துவ ஊர்தி ஆகிய அனைத்திற்கும் இச்சிக்கல் பொதுவானது.

பெரும்பாலான நேரங்களில் பழுதடைவது கீல் அன்று. கீலின் திருகாணிகளைப் பற்றியிருக்கும் பலகையே ஆகும். இதனை அறியாமல் திருகாணியை மேலும் மேலும் முறுக்குவதும், புதிய கீல் வாங்கிப் பழைய துளையிலேயே பொருத்துவதும் பயன் தருவதில்லை.

குடுமியும் கீலும்

தமிழகத்தின் பழைய கதவுகள் பலவற்றில் இன்று நாம் காணும் கீல் இல்லை. கதவின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டி விடப்பட்ட குடுமிகள், நிலையிலோ கல்லிலோ குடையப்பட்ட குழிகளில் அமர்ந்து சுழலும். பெருங்கோயில்களின் வாயிற்கதவுகளில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். இதில் கதவின் முழு எடையும் கீழ்க்குழியின் மீது இறங்குகின்றது. திருகாணியை இழுக்கும் விசை என்ற பேச்சுக்கே இடமில்லை. உலோகத் தகட்டுக் கீல் வந்த பின்னரே கதவின் எடையைச் சில திருகாணிகள் தாங்கும் நிலை உண்டாயிற்று.

இன்று ஊர்தி அலமாரிகளில் மூவகைக் கீல்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. முதலாவது, இரு தகடுகளும் நடுவில் ஓர் ஊசியும் கொண்ட சாதாரணக் கீல். இரண்டாவது, கதவின் முழு உயரத்திற்கும் நீளும் பியானோ கீல். மூன்றாவது, கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள வட்டக் குழியில் அமரும் கிண்ணக் கீல்; கடைகளில் இதனை ஆட்டோ கீல் என்பர். கிண்ணக் கீல் பார்வைக்கு அழகானது, கதவைத் தானே மூடுவது. ஆயினும் மூன்றினுள் அதிர்வைத் தாங்கும் திறன் பியானோ கீலுக்கே அதிகம். அதன் எடை பத்துப் பதினைந்து திருகாணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுவதே காரணம்.

தளர்வுக்கான காரணங்கள்

2 கிலோகிராம் எடையும் 40 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கதவில், இரு கீல்கள் 40 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். கதவு திறந்திருக்கையில் அதன் எடை கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளிச் செயற்படுகின்றது. எனவே மேற்கீலை வெளிநோக்கி இழுக்கும் விசை 2 × 20 ÷ 40, அதாவது ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாகும். ஊர்தி பள்ளத்தில் இறங்கி ஏறும் கணத்தில் இது சில மடங்கு கூடலாம். அப்போதும் இது சிறிய விசையே. நல்ல மரத்தில் இறங்கிய திருகாணி இதனை எளிதில் தாங்கும். அவ்வாறாயின் கீல் ஏன் தளர்கின்றது?

முதற் காரணம் நெம்புகோல் விளைவு. தாழ் விலகிய கதவு, வளைவில் தானே திறந்து, தன் எல்லையை அடைந்த பின்னரும் தள்ளப்படும்போது கீல் ஒரு நெம்புகோலின் ஆதாரம் போலாகிவிடுகின்றது. கதவின் வெளி விளிம்பில், 40 செ.மீ. தொலைவில், ஒரு கிலோகிராம் எடையளவு விசை செயற்பட்டால், ஆதாரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளியுள்ள திருகாணி 20 கிலோகிராம் எடையளவு விசையால் பிடுங்கப்படும். திறந்த கதவின் மீது ஒருவர் கையூன்றி எழுந்தாலும் இதுவே நிகழ்கின்றது. எனவே கீல் தளர்ந்த இடத்தில் முதலில் ஐயுற வேண்டியது தாழையே.

இரண்டாவது காரணம் அதிர்வு. குறுக்காக ஏற்படும் அதிர்வே உலோக மரையாணிகளைத் தானாகக் கழலச் செய்கின்றது என்பதைப் பொறியாளர் கெர்கார்டு யுங்கர் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. மரத்தில் இறங்கும் திருகாணிக்குப் பின்புறத்தில் நட்டும் இல்லை. அதனைப் பிடித்து வைப்பது, மரைப் பற்களுக்கிடையே சிக்கியுள்ள மர நார்கள் மட்டுமே. ஒவ்வோர் அசைவிலும் அந்நார்கள் சிறிது நசுங்குகின்றன. துளை சிறிது அகல்கின்றது. அகன்ற துளையில் அசைவு மேலும் கூடுகின்றது.

மூன்றாவது காரணம் ஈரம். தென்காசி மாவட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே உள்ள திருவேங்கடம் வறண்ட கரிசல் நிலப் பகுதி. கோடையில் அங்கு வெயிலில் நிறுத்திய ஊர்தியின் உட்புறம் அடுப்பு போலக் காயும். அதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள குற்றாலத்திலோ, சூன் முதல் ஆகத்து வரையான சாரற் காலத்தில் துவைத்த துணி உலர்வதே அரிது. காய்ந்த பலகை குற்றாலத்தில் ஈரம் உறிஞ்சி உப்புகின்றது. திரும்பி வந்ததும் சுருங்குகின்றது. மரம் நாரின் நீளவாக்கில் மிகச் சிறிதே மாறும். குறுக்குவாக்கில்தான் விரிந்து சுருங்கும். திருகாணி எஃகு ஆதலால் அதனுடன் சேர்ந்து விரிவதில்லை. ஒட்டுப்பலகை இதனை ஓரளவு தாங்கும். மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் துகள் பலகையோ ஒருமுறை நன்கு ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. விலை குறைவு என்பதற்காகத் துகள் பலகையில் ஊர்தி அலமாரி செய்வது இப்பகுதிக்குச் சற்றும் பொருந்தாத தெரிவு.

செப்பனிடும் முறை

அலமாரியைக் காலி செய்து, கதவின் அடியில் முட்டுக் கொடுத்த பின் ஆய்வைத் தொடங்க வேண்டும். கதவைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைக்கையில் கீலின் தகடு பலகையை விட்டு விலகினால் பழுது திருகாணியில் உள்ளது. தகடு அசையாமல் ஊசி மட்டும் ஆடினால் கீல் தேய்ந்துள்ளது. அதனை மாற்றுவதே வழி. கிண்ணக் கீலாயின், அதன் கையில் உள்ள சரிசெய் திருகுகள் மட்டும் விலகியிருக்கலாம். அவ்வாறெனில் திருப்புளி ஒன்றே போதும்.

திருகாணி முறுக்க முறுக்க இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், துளையை நிரப்பி மீண்டும் துளையிட வேண்டும். இதற்குத் தச்சர்கள் கையாளும் மிக எளிய பொருள் தீக்குச்சி. திருவேங்கடம், கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆதலால் இங்கு இப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எல்லாத் தீக்குச்சியும் இதற்கு உதவாது. தாளைச் சுருட்டி மெழுகில் தோய்த்துச் செய்யும் மெழுகுக் குச்சி பயனற்றது. மெழுகின் மீது பசை ஒட்டாது. மரக் குச்சியிலும் தலைப்பக்கம் மெழுகில் தோய்க்கப்பட்டிருக்கும். தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருப்பதால் அதன் மீது துளைப்பானைச் செலுத்துவது ஆபத்தானது. எனவே தலைப்பக்கத்துப் பாதியை ஒடித்து நீரில் இட்டுவிட்டு, அடிப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து ஏற்றாத வெறுங்குச்சி கிடைத்தால் இன்னும் நன்று.

பழைய துளையில் உள்ள தூளை ஊதி நீக்கி, மரப்பசையில் (பெவிகால் போன்றது) தோய்த்த குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக, மேலும் ஒன்று நுழையாத அளவுக்குச் செருக வேண்டும். ஒரு குச்சி ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புடையது, அகன்ற துளைக்கு மூன்று நான்கு தேவைப்படலாம். மிஞ்சியதைப் பலகை மட்டத்திற்கு வெட்டி, ஒரு நாள் முழுதும் உலர விட வேண்டும். பலரும் பொறுமையிழந்து தவறுவது இவ்விடத்தில்தான். ஈரப்பசையில் இறக்கிய திருகாணி மறுநாளே ஆடும். உலர்ந்தபின், திருகாணியின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள துளையிட்டுத் திருகாணியை இறக்கலாம். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குவதே நன்று. மின்திருப்புளி ஒரு நொடியில் நார்களை அறுத்துவிடும்.

துகள் பலகைக்குத் தீக்குச்சி போதாது. அதில் 8 அல்லது 10 மி.மீ. துளையிட்டு, வன்மர முளையை எப்பாக்சிப் பசையுடன் இறக்கி, அம்முளையில் திருகாணியைப் பொருத்துவர். முளையின் நார்வாக்கிலேயே திருகாணி இறங்குவதால் இதன் பிடிப்பு குறுக்கு நாரில் கிடைக்கும் பிடிப்பைவிடக் குறைவு. எனினும் உதிர்ந்த துகளைவிட மேலானது. கிண்ணக் கீலின் குழியே பிய்ந்துபோனால் அவ்விடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்பலகைத் துண்டு பதிப்பதே நிலையான தீர்வு. கப்பல் தர ஒட்டுப்பலகை (இந்தியத் தரம் ஐ.எஸ். 710) இதற்கு ஏற்றது.

பேருந்துக் கூண்டு கட்டுவதற்குக் கரூரும் சரக்குந்துக் கூண்டு கட்டுவதற்கு நாமக்கல் பகுதியும் பெயர் பெற்றவை. எடை மிகுந்த கதவுகளுக்குக் கூண்டு கட்டுவோர் மரத்திருகாணியை நம்புவதில்லை. பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டை இட்டு, பின்புறம் அகன்ற வாசர் கொடுத்து நட்டை முடுக்குவர். உள்ளே நைலான் வளையம் கொண்ட நட்டு அதிர்வில் கழலாது. உட்புறத்தில் நட்டு துருத்தித் தெரிவது ஒன்றே இதன் குறை. அலமாரியில் அதனை யாரும் பார்ப்பதில்லை.

எச்சரிக்கைகள்

தளர்ந்த இடத்தில் நீண்ட திருகாணியை இறக்குவது வீட்டில் செல்லுபடியாகும். ஊர்தியில் அவ்வாறு செய்யலாகாது. அலமாரியின் பின்னால் மின்கம்பியோ எரிவளிக் குழாயோ சென்றிருக்கக்கூடும். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. திருகாணியே மேல்வரம்பு.

தலைக்கு மேலுள்ள அலமாரிகளைச் செப்பனிடும் வரை ஊர்தியை எடுக்காதிருப்பது நல்லது. செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு வழியே மலைப்பாதையில் செல்லும்போது, ஒரு வளைவில் கதவு திறந்து இரும்புக் கலமொன்று பயணியின் தலையில் விழப் போதிய நேரம் உண்டு. இவ்வழி சபரிமலைப் பருவத்தில் அடுக்களைச் சாமான்களோடு செல்லும் பேருந்துகள் நிறைந்தது.

கீலைச் சரிசெய்த கையோடு தாழையும் மாற்ற வேண்டும். காந்தத் தாழ் வீட்டு அலமாரிக்குப் போதுமானது. ஓடும் ஊர்தியில் நிற்காது. அழுத்தினால் மட்டுமே விடுபடும் கொக்கித் தாழ் தேவை. குற்றாலத்தில் நிறுத்துவோருக்கு இதில் கூடுதற் பயனும் உண்டு: அங்குள்ள குரங்குகளுக்கு இழுத்தால் திறக்கும் கதவு ஒரு பொருட்டே அன்று.