விருந்தாளி கையில் ஸ்டீயரிங்: ஜெலாப்பாங் இறக்கம்

டச் அண்ட் கோ அட்டை, வாடகைக் கார், இந்திய லைசென்ஸோடு கொண்டுவர வேண்டிய அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எல்லாம் முடிந்த கதை. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங், லாசா பக்கம் போகும் தோட்டத்து ரோடு என்று சொல்லியிருந்தேன். போகலாம், முதலில் இந்த இறக்கத்தைக் கடந்துவிட்டு.

பினாங்கிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வருகிறவர் கோலகங்சாரிலேயே டோல் கட்டி இறங்கி, பழைய ரோட்டில் தெற்கே வர வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் அதைத் தவறவிட்டால், மெனோரா குகைக்குள் புகுந்து, கிளேடாங் மலையைக் கடந்து, ஈப்போவுக்குப் போய், செம்மோர் வழியாகத் திரும்பி வடக்கே வர வேண்டும். கூடுதல் டோல் போகட்டும். ஊருக்குப் புதியவர் அந்த மலையை எப்படி இறங்குகிறார் என்பதுதான் என் கவலை.

குகை சுமார் 800 மீட்டர். அதைத் தாண்டினால் ஜெலாப்பாங் வரை இறக்கம். கொல்லிமலையில் வண்டி ஓட்டியவருக்கு, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள், மலையை மறக்க விடாது. இங்கே ரோடு பட்டு விரித்தாற்போல. வளைவெல்லாம் அகலம், காரோ ஆட்டோ கியர். 'டி'யில் விட்டுவிட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமலேயே இறங்குவார்கள். பிரேக் கட்டை சூடேறினால் பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி அப்படியே உள்ளே போகும். ஆகவே இறக்கம் தொடங்குமுன் 'எஸ்' அல்லது 'எல்', சில கார்களில் 'பி', இதில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற்றிய லோரிக்கு முன்னால் போய் ஒண்டாதீர்கள்.

இதே இறக்கத்தின் அடிவாரத்தில்தான் ஒரு காலத்தில் ஜெலாப்பாங் டோல் இருந்தது. வடக்கிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியும், பிரேக் தகிக்கும் நேரம் பார்த்து, அங்கே முழுசாக நிற்க வேண்டும்! பிரேக் பிடிக்காத லோரிகள் வரிசைக்குள் புகுந்த விபத்துகளை ஈப்போக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 2009-இல் ஒருவழியாக அந்த டோலை எடுத்தார்கள். இடம் பார்த்துக் கொடுத்த மகராசன் யாரோ, அவர் லோரி ஓட்டியவராக இருந்திருக்க முடியாது.

என்னை டோல் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் இதையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில், நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் டர்பனுக்குப் பக்கத்தில் பைன்டவுன் என்றோர் ஊர். அங்கே ஃபீல்ட்ஸ் ஹில் என்று ஒரு செங்குத்தான இறக்கம். பக்கத்திலேயே என்3 நெடுஞ்சாலை இருக்கிறது, அதில் மரியன்ஹில் டோலும் இருக்கிறது. அந்த டோலுக்குப் பயந்து கனரக லோரிகள் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்குகின்றன என்று ஊரார் நெடுநாளாகப் புகார் சொல்லிவந்தார்கள். 2013 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு லோரி அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து, அடிவாரச் சந்திப்பில் மினிபஸ் டாக்சிகள் மேல் மோதியது. 24 பேர் இறந்தார்கள். பிறகுதான் பெரிய லோரிகளுக்கு அங்கே தடை வந்தது. நம் ஊரில் டோலில் நிற்கப்போய் விபத்து, அங்கே டோலைத் தவிர்க்கப்போய் விபத்து. இதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். 'கீழ் கியருக்கு மாறு' என்று மலை ரோட்டில் பலகை கண்டால் அது காருக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டீயரிங்கே வேண்டாம் என்கிறவர் மின்ரயிலில் வரலாம், சுங்கை சிப்புட்டில் நிலையம் இருக்கிறது. ஆனால் லாசாவுக்கு ரயில் இல்லையே. 1948 ஜூன் 16 காலையில் சுட்டுக்கொலை நடந்து, அவசரகாலத்துக்கே காரணமான எல்ஃபில் தோட்டமும் அந்தத் திசையில்தான். செம்பனை லோரிக்கு ஒதுங்கி வழிவிடும் வித்தையோடு அந்தத் தோட்டத்து ரோட்டைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன். அப்போது டோல் எதுவும் குறுக்கே வராது, அந்த ரோட்டில் டோலே கிடையாது.